பிளாஸ்டிக் இல்லாத கிறிஸ்துமஸ்: எங்கள் சபையில் எதிலிருந்து தொடங்குவது?

தேரிக்காடு | நவம்பர் 14, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். தூத்துக்குடி மாவட்டத்தில் தேரிமணல் பக்கம் ஒரு கிராமத்து சபை எங்களுடையது. 180 குடும்பங்கள். இந்த வருடம் வாலிபர் சங்கச் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. கோவில் ஜோடனை, குடில், கீத பவனி, 25-ம் தேதி அதிகாலை ஆராதனை முடிந்ததும் கொடுக்கிற காபி, கேக் எல்லாம் நாங்கள்தான் பார்க்க வேண்டும்.

போன வருடம் 28-ம் தேதி காலையில் ஏழு பேர் சேர்ந்து ஜோடனையைப் பிரித்தோம். தெர்மாகோல் அட்டை, ஜிகினாத் தோரணம், ஃபிளெக்ஸ், தண்ணீர் பாட்டில், காபி குடித்த கப் என்று ஒன்பது சாக்கு நிறைந்தது. எல்லாவற்றையும் கோவிலுக்குப் பின்னால் ஓடைக்கரையில் போட்டுக் கொளுத்தினோம். வருடா வருடம் அப்படித்தான் செய்கிறார்கள் என்பதால் யாரும் யோசிக்கவில்லை. கரும்புகை காற்றில் திரும்பிப் பக்கத்துத் தெருவுக்குள் இறங்கியது. அந்தத் தெருவில் மூச்சிரைப்பு உள்ள ஒரு சிறுமி இருக்கிறாள், ஓய்வுநாள் பள்ளியில் என் வகுப்பு. மதியம் அவளை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நெபுலைசர் வைத்து, இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வந்தாள். மூன்று நாள் முன்பு மேய்ப்பன் வேஷம் போட்டு மேடையில் நின்ற பிள்ளை. தீக்குச்சி கிழித்தது நான்.

இந்த வருடம் அந்த நெருப்பு வேண்டாம். கமிட்டியில் 30,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜோடனை குறைந்துவிடக் கூடாது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள், அதுவும் நியாயம்தான். நட்சத்திரம், மரம், குடில், சாப்பாடு, வெடி, இதில் எதில் கைவைக்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

குமரிப் பனை | நவம்பர் 14, இரவு 10.25

தம்பி, நட்சத்திரத்தில் ஆரம்பியுங்கள். கண்ணுக்கு முதலில் படுவது அதுதான், மாற்றுவதற்கு எளிதும் அதுதான்.

எங்கள் பக்கம் நான் பள்ளியில் படிக்கும்போது கடையில் நட்சத்திரம் வாங்குகிற வழக்கமே கிடையாது. டிசம்பர் பிறந்தால் மூங்கில் சிம்பு சீவுவோம். ஐந்து சிம்பைக் குறுக்கும் நெடுக்கும் வைத்துக் கட்டினால் ஒரு ஐங்கோண நட்சத்திரம். அதே அளவில் இன்னொன்று. இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஐந்து முனைகளையும் நூலால் இறுக்கிக் கட்டவேண்டும். அப்புறம் நடுவில் சிம்புகள் குறுக்கே வெட்டுகிற ஐந்து இடங்களிலும் ஒரு சாண் குச்சியை முட்டுக்கொடுத்தால் தட்டையாக இருந்தது உப்பிக்கொண்டு எழும்பும். அதன்மேல் வண்ணத்தாள். மைதாவில் கொஞ்சம் துத்தம் போட்டுக் காய்ச்சிய பசைதான் ஒட்டுவதற்கு. துத்தம் போட்டால் கரப்பான் கடிக்காது. துத்தம் விஷம், சின்னப் பிள்ளைகள் கையில் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரே குறை மழை. டிசம்பரில் வாடைக்காற்றோடு ஒரு மழை அடித்தால் தாள் கரைந்துவிடும். போர்டிகோவுக்குள் கட்டினால் தப்பிக்கும். வெளியே மரத்தில் கட்டுவதென்றால் தாளுக்குப் பதில் பழைய வேட்டித் துணியைச் சாயம் நனைத்துத் தைத்துவிடுங்கள். நாங்கள் தைத்த ஒன்று ஆறாவது வருடமாகத் தொங்குகிறது. உள்ளே விளக்கு எரியும்போது நெசவு இழை தெரியும், அந்த வெளிச்சம் பிளாஸ்டிக்கில் வராது.

வயர்மேன் | நவம்பர் 15, காலை 6.50

நட்சத்திரத்துக்குள் என்ன பல்பு போடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். தாளோ துணியோ, உள்ளே பழைய 60 வாட் குண்டு பல்பு வேண்டவே வேண்டாம். கைவைக்க முடியாத சூடு, தீப்பிடிக்கும். 9 வாட் எல்.இ.டி. தாராளம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். 60 வாட் பல்பு ராத்திரி முழுக்க 12 மணி நேரம், 30 நாள் எரிந்தால் 21.6 யூனிட். 9 வாட் எல்.இ.டி. சாயங்காலம் ஆறிலிருந்து பதினொன்று வரை எரிந்தால் 1.35 யூனிட். உங்கள் 180 வீட்டுக்கும் பெருக்குங்கள். 3,888 யூனிட் எங்கே, 243 யூனிட் எங்கே. பல்பை மாற்றுகிறவர்கள் பலர் இருக்கிறார்கள், ராத்திரி அணைக்கிறவர்கள்தான் குறைவு. நள்ளிரவுக்கு மேல் யார் பார்க்கிறார்கள்?

சீரியல் செட் வாங்கும்போது மலிவானதைத் தேடாதீர்கள். ஒரு வருடத்தில் செத்துப்போய் வயரோடு குப்பைக்கு வரும். போன வருடத்து செட் எரியவில்லை என்றால் தூக்கிப்போடாமல் ஒரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முக்கால்வாசி இடத்தில் பிளக் பக்கத்து வயர் விட்டிருக்கும், அவ்வளவுதான்.

பெரம்பூர் வீடு | நவம்பர் 15, காலை 11.10

எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் ஆறடி பிளாஸ்டிக் கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது. வாங்கி எட்டு வருடம். என் மகள் பள்ளியில் ஏதோ கேட்டுவிட்டு வந்து, இந்த மரம் பூமிக்குக் கெடுதல், எடுத்துப் போடுங்கள் என்கிறாள். போட்டுவிடவா?

எல்பே கரை | நவம்பர் 15, மாலை 5.35

வேண்டாம் அக்கா, வைத்துக்கொள்ளுங்கள். நான் பதினோரு வருடமாக ஜெர்மனியில் டிரெஸ்டனில் இருக்கிறேன். இங்கே ஒவ்வொரு டிசம்பரும் இதே விவாதம்தான்.

பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கு ஒன்று உண்டு. இரண்டு மீட்டர் உயர பிளாஸ்டிக் மரம் ஒன்றைச் செய்து கொண்டுவந்து சேர்ப்பதற்குச் சுமார் 40 கிலோ கார்பன். அதே உயர நிஜ மரத்தைக் குப்பைமேட்டில் போட்டு அழுகவிட்டால் மீத்தேன் வருவதால் சுமார் 16 கிலோ. எரித்தாலோ துண்டுபோட்டு மண்ணில் பரப்பினாலோ 3.5 கிலோதான். அதாவது பிளாஸ்டிக் மரத்தின் கெடுதல் வாங்கிய அன்றே நடந்து முடிந்துவிட்டது. எத்தனை வருடம் பயன்படுத்துகிறீர்களோ அத்தனையாக அது பங்கிடப்படும். 12 வருடம் பயன்படுத்தினால் வருடத்துக்கு 3.5 கிலோவுக்கும் கீழே வந்துவிடும். உங்கள் மரத்துக்கு எட்டு முடிந்துவிட்டது, இன்னும் நாலு வருடமாவது கொடுங்கள். மகளிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், அவளே ஒப்புக்கொள்வாள்.

நட்சத்திரப் பேச்சு வந்ததால் ஒன்று. நான் இருக்கிற சாக்சனி மாநிலத்தில்தான் ஹெர்ன்ஹூட் என்கிற சிற்றூர் இருக்கிறது. மொராவியன் என்கிற புராட்டஸ்டன்ட் சபையின் ஊர். அந்தச் சபை நடத்திய நீஸ்கி விடுதிப் பள்ளியில் 1830-களில் கணிதப் பாடத்துக்காகப் பிள்ளைகள் தாளில் செய்த நட்சத்திரம்தான் பிறகு கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்களான திருவருகைக் காலத்து அடையாளமாகப் பரவியது. 1897-லிருந்து ஹெர்ன்ஹூட்டில் தொழிலாகவே செய்கிறார்கள். 25 கூம்புகள். ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிப் பெட்டியில் வைத்துவிடலாம். எங்கள் வீட்டுக்காரப் பாட்டி தன் அம்மாவுடைய தாள் நட்சத்திரத்தை இன்றும் மாட்டுகிறார். அவருக்கே 81 வயது. கடையில் எதை எடுத்தாலும், ‘பிரித்து வைக்க முடியுமா’ என்று முதலில் கேட்கிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்து வந்தது.

சவுக்குத் தோப்பு | நவம்பர் 15, இரவு 8.15

கடலூர்ப் பக்கம் சவுக்கு பயிர் செய்கிறோம். நிஜ மரம் என்றதும் எல்லோரும் பனி ஊர்களின் ஊசியிலை மரத்தையே நினைக்கிறார்கள். நம் கடற்கரைச் சபைகளில் ஐம்பது வருடத்துக்கு முன்பு என்ன வைத்தார்கள்? சவுக்குக் கிளைதானே. மண் நிரப்பிய தகர டின்னில் ஊன்றி, பஞ்சைப் பிய்த்துப் பனியாக ஒட்டி, கலர்தாள் சங்கிலி சுற்றுவார்கள்.

சவுக்கு நட்ட மூன்றாம், நான்காம் வருடம் வெட்டுக்கு வந்துவிடும். கம்பு விலைக்குப் போகும், நுனியும் மிளாறும் அடுப்புக்குத்தான். அந்த நுனியைத்தான் கேட்கிறேன். எட்டடி நுனி, கூம்பாக, பச்சையாக, அழகாக இருக்கும். வெட்டு நடக்கிற தோப்பில் போய்க் கேட்டால் ஐம்பது ரூபாய் கொடுத்தாலே சந்தோஷமாகத் தருவார்கள். முடிந்ததும் அடுப்பில் வைத்துவிடலாம். சவுக்கு வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும், அதற்குள் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மண்ணில் சேர்க்கும். அதனால்தான் வெறும் மணலில்கூட வளர்கிறது.

ஆனால் ஒரு கண்டிப்பு. கடற்கரையோரம் அலைத்தடுப்பாக நிற்கிற சவுக்கில் ஒரு கிளையும் ஒடிக்காதீர்கள். 2004 டிசம்பர் 26 கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அந்தக் காலையைப் பார்த்தவன் நான். கடலுக்கு முன்னால் நிற்கிற மரத்தைத் தொடக் கூடாது.

ரோஸ் டீச்சர் | நவம்பர் 16, காலை 7.30

சவுக்குத் தோப்பு ஐயா சொன்ன தகர டின் எங்கள் வீட்டிலும் உண்டு. அப்பா அதற்கு ஒவ்வொரு வருடமும் சிவப்பு பெயின்ட் அடிப்பார்.

நான் குடிலைப் பற்றிச் சொல்கிறேன். மதுரையில் எங்கள் பங்குக் கோவிலில் முப்பது வருடமாகக் குடில் கட்டுகிற குழுவில் இருக்கிறேன். 1223-ல் இத்தாலியில் கிரேச்சோ என்ற மலை ஊரில் அசிசியின் பிரான்சிஸ் முதன்முதலில் குடில் அமைத்தார். அதில் என்ன இருந்தது? ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், ஒரு மாடு, ஒரு கழுதை. சுரூபம்கூட இல்லை. சுற்றுச்சூழலில் அக்கறை உள்ளவர்களுக்குப் பாதுகாவலராக 1979-ல் இரண்டாம் யோவான் பவுல் அறிவித்ததும் அதே பிரான்சிஸைத்தான். அவர் தொடங்கி வைத்த குடிலை நாம் தெர்மாகோலில் கட்டுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம்.

இதில் சட்டமும் இருக்கிறது தம்பி. அலங்காரத்துக்கான தெர்மாகோலை நாடு முழுக்க 2022 ஜூலை 1 முதல் தடை செய்திருக்கிறார்கள். தெர்மாகோல் தட்டும் கோப்பையும், பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் நம் மாநிலத்தில் 2019 ஜனவரி 1-லேயே தடை. கமிட்டியில் யாராவது முரண்டு பிடித்தால் இதைச் சொல்லுங்கள்.

மலைக்குச் சாக்குதான் நல்லது. பழைய கோணிச்சாக்கைச் செம்மண் கரைசலில் முக்கி, கசக்கி, செங்கல் மேல் போர்த்திக் காயவிட்டால் அசல் பாறைபோல விறைத்து நிற்கும். புல்லுக்குக் கேழ்வரகு. தாம்பாளத்தில் ஒரு விரற்கடை மண் பரப்பி, டிசம்பர் 14, 15 வாக்கில் ஊறவைத்த கேழ்வரகைத் தூவி, நாலு நாள் இருட்டில் மூடிவைத்து, அப்புறம் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் 24-ம் தேதி விரல் நீளத்துக்குப் பச்சைப்பசேல் என்று இருக்கும். அந்தத் தட்டுகளுக்குத் தண்ணீர் தெளிக்கும் வேலையை ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளிடம் விடுங்கள். ஒரு பிள்ளை தன் தட்டு முளைக்கவில்லை என்று அழுததும், பக்கத்துப் பிள்ளை தன்னுடையதில் பாதியை வெட்டிக் கொடுத்ததும் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

சுரூபங்களுக்கு விளாச்சேரி. மதுரைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கொலு பொம்மை முடிந்த கையோடு கிறிஸ்துமஸ் குடில் பொம்மை வேலையை ஆரம்பித்துவிடுவார்கள். மண்ணிலும் செய்கிறார்கள், காகிதக் கூழிலும் செய்கிறார்கள், பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலும் செய்கிறார்கள். மண்தான் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். எங்கள் சூசையப்பருக்கு 22 வயது. ஒரு கை உடைந்து, அதைக் களிமண்ணால் ஒட்டி நானே வர்ணம் பூசினேன்.

பெரம்பூர் வீடு | நவம்பர் 16, காலை 9.05

கேழ்வரகு யோசனை அருமை டீச்சர். மரத்தை வைத்துக்கொள்கிறோம். மகளிடம் கணக்கைக் காட்டினேன், 12 வருடம் முடிகிற தேதியைச் சுவர் நாட்காட்டியில் எழுதி வைத்துவிட்டாள்.

சீசன் கடை | நவம்பர் 16, மதியம் 2.20

இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். நான் டிசம்பர் 1 முதல் 31 வரை பஸ் ஸ்டாண்ட் அருகே பிளாட்பாரத்தில் நட்சத்திரக் கடை போடுகிறவன். மற்ற மாதங்களில் தள்ளுவண்டியில் பழம். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு அந்த ஒரு மாதத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

நீங்கள் சொல்வது எதையும் தப்பென்று சொல்லவில்லை. ஜனவரியில் வடிகாலில் அடைத்துக்கிடக்கிற நட்சத்திரத்தை நானும்தான் பார்க்கிறேன், அதில் என் கடைச் சரக்கும் இருக்கும். ஆனால் எங்கள் பக்கத்துச் சிரமத்தையும் சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் நட்சத்திரம் தட்டையாக மடிந்து வரும். ஒரு பெட்டியில் 100. மூங்கில் கட்டிய நட்சத்திரம் ஆட்டோவில் எட்டு, பத்துக்கு மேல் ஏறாது. வழியில் இரண்டு கிழியும். பிளாட்பாரத்தில் திடீர் மழை வந்தால் அட்டைப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிவிடலாம், கட்டிய நட்சத்திரத்தை எங்கே கொண்டு ஓட? போன வருடம் ஆசைப்பட்டு இருபது துணி நட்சத்திரம் எடுத்தேன். பதினொன்றுதான் விற்றது. விலை கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

வீட்டில் செய்துகொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறீர்கள். நல்லதுதான். எங்களையும் இதில் எங்கேயாவது சேர்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தேரிக்காடு | நவம்பர் 16, இரவு 9.15

அண்ணாச்சி, நீங்கள் எழுதியதை எங்கள் சங்கக் கூட்டத்தில் வாசித்தேன். இந்தக் கோணம் எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. கொஞ்சம் பொறுங்கள், யோசித்துச் சொல்கிறேன்.

குமரிப் பனை | நவம்பர் 16, இரவு 10.40

சீசன் கடை அண்ணாச்சிக்கு. உங்கள் ஆட்டோ பிரச்சினைக்கு வழி இருக்கிறது. நான் முதலில் சொன்ன அந்த ஐந்து முட்டுக்குச்சிகளை இறுக்கிக் கட்டாமல் செருகல்போல வைத்தால், எடுத்ததும் நட்சத்திரம் தட்டையாகப் படுத்துவிடும். தாளென்றால் கிழியும், துணியென்றால் ஒன்றும் ஆகாது. நட்சத்திரத்துக்கு ஐந்து குச்சி, ஒரு ரப்பர் பாண்டில் கட்டிக் கூடவே கொடுத்துவிடலாம். வாங்குகிறவர் வீட்டில் போய்ச் செருகிக்கொள்வார். ஜனவரியில் உருவிப் பரணில் வைப்பார். எல்பே கரை சொன்ன ஜெர்மன் பாட்டி செய்வதும் அதைத்தானே. இன்று சாயங்காலம் ஒன்று செய்து பார்த்தேன். 40 தட்டை நட்சத்திரத்தை அடுக்கினால் ஒரு முழ உயரம்கூட வராது.

குளத்துக்கரை | நவம்பர் 17, காலை 6.10

வெடியைப் பற்றி யாரும் பேசவில்லை. எங்கள் ஊர் கூந்தன்குளத்துக்குப் பக்கம். 1994-ல் சரணாலயமாக அறிவித்தார்கள், ஆனால் அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பறவைகள் அந்த ஊரின் வீட்டுவாசல் மரங்களில் கூடு கட்டுகின்றன. சங்குவளை நாரை, கூழைக்கடா, மங்கோலியா, திபெத் பக்கத்திலிருந்து வருகிற வரித்தலை வாத்து. அவற்றுக்காக ஊர்க்காரர்கள் தீபாவளிக்குக்கூட வெடிப்பதில்லை. பறவைகள் வந்து இறங்குகிற காலமும் கிறிஸ்துமஸும் ஒன்றாகத்தான் வருகின்றன. நடுராத்திரி ஒரு சரவெடி போட்டால் மரம் முழுக்கப் பதறி எழுந்து இருட்டில் சுற்றும். கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

நாகர்கோவில் தம்பி | நவம்பர் 17, காலை 8.45

பறவைகள் இருக்கிற ஊரில் சரி அண்ணே. எங்கள் ஊரில் 24 ராத்திரி வெடிச்சத்தம் இல்லாவிட்டால் கிறிஸ்துமஸ் வந்ததாகவே தெரியாது. சிறுவயதிலிருந்து அதற்காகத்தான் விழித்திருப்போம். உச்ச நீதிமன்றமே 2018-ல் நேரம் கொடுத்திருக்கிறதே. கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவும் புத்தாண்டுக்கு முந்தின இரவும் 11.55 முதல் 12.30 வரை. அந்த 35 நிமிடத்துக்குள் முடித்துக்கொண்டால் போதாதா?

குளத்துக்கரை | நவம்பர் 17, காலை 9.30

தம்பி, 35 நிமிடத்தில் நிற்கிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள். எங்கள் பக்கம் 22-ம் தேதி ஆரம்பித்து ஜனவரி 1 விடியும் வரை கேட்கிறது. உங்கள் சந்தோஷத்தைப் பறிக்க எனக்கு மனமில்லை. சபையாகச் சேர்ந்து ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அந்த 35 நிமிடத்துக்குள் வெடித்துவிட்டு, காகிதத்தைக் கூட்டி அள்ளிவிட்டு வீட்டுக்குப் போகிறோம் என்று முடிவெடுக்க முடிந்தால் அதுவே பெரிய காரியம். மற்ற நேரத்துக்குக் கோவில் மணி இருக்கிறது.

நாகர்கோவில் தம்பி | நவம்பர் 17, காலை 9.50

ஒரே இடம், ஒரே நேரம் என்பது நடக்கக்கூடியது. எங்கள் பங்குப்பேரவையில் கேட்டுப்பார்க்கிறேன்.

ஏரல் அக்கா | நவம்பர் 17, இரவு 8.00

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல வந்தேன். அதற்கு முன் ஒன்று.

2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி ஊருக்குள் வந்தது. நாங்கள் மாடியில் இரண்டு ராத்திரி இருந்தோம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான். கட்டி வைத்திருந்த நட்சத்திரம், சுட்டு வைத்த பலகாரம் எல்லாம் போனது. தண்ணீர் வடிந்த பிறகு வேலிக்கருவை முள்ளில் வெள்ளை வெள்ளையாக ஏதோ பூத்திருந்தது. கிட்டே போனால் தெர்மாகோல் மணி. இப்போதும் ஓடைப்பக்கம் மண்ணைக் கிளறினால் வரும். அந்த வருடம் எங்கள் சபையில் ஜோடனையே இல்லை. ஒரு மெழுகுவர்த்தி, கோவிலில் சேறு வாசனை, பாய் விரித்து உட்கார்ந்து பாடினோம். என் வாழ்நாளில் அப்படி மனம் நிறைந்து பாடினதில்லை.

சரி, சாப்பாடு. முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அதிரசம், நெய்யுருண்டை எதுவானாலும் முன்பெல்லாம் ஓலைக்கொட்டானில்தான் பக்கத்து வீடுகளுக்குப் போகும். இந்து வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றுக்கும். அவர்கள் கொட்டானைத் திருப்பித் தரும்போது வெறுமையாகத் தரமாட்டார்கள், பொங்கலுக்கோ பெருநாளுக்கோ அவர்கள் பலகாரம் அதில் வரும். பாலிதீன் கவர் வந்ததும் அந்தப் போக்குவரத்தே நின்றுவிட்டது. மணப்பாட்டில் பெண்கள் இன்றும் பனையோலைப் பெட்டி முடைகிறார்கள். மொத்தமாகச் சொன்னால் செய்து தருவார்கள். வாங்க முடியாதவர்கள் துணிப்பையில் கொடுக்கலாம். மஞ்சப்பைத் திட்டத்தை அரசாங்கம் தொடங்கியதே ஒரு டிசம்பர் 23-தான், 2021-ல்.

சபையில் காபிக்கு எவர்சில்வர் டம்ளர். எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வீட்டுக்கு நாலு டம்ளர் கேட்டு வாங்கினோம், அடியில் நகப்பூச்சால் எண் எழுதினோம். ஒன்றும் தொலையவில்லை. கழுவுவதற்கு மட்டும் ஆண்களையும் நிறுத்துங்கள். இல்லாவிட்டால் பெண்கள் கிறிஸ்துமஸ் காலையை அடிபம்புப் பக்கத்திலேயே கழிக்க வேண்டியிருக்கும்.

எல்பே கரை | நவம்பர் 18, அதிகாலை 1.15

அக்கா சொன்ன டம்ளர் முறைதான் இங்கேயும். டிரெஸ்டன் கிறிஸ்துமஸ் சந்தை 1434-லிருந்து நடக்கிறது. சூடான பானத்தைப் பீங்கான் கோப்பையில் கொடுத்து, சில யூரோ முன்பணம் வாங்கிக்கொள்வார்கள். கோப்பையைத் திருப்பித் தந்தால் பணம் திரும்பி வரும். லட்சக்கணக்கான பேர் வருகிற இடத்திலேயே நடக்கிறது என்றால் 180 குடும்பத்துக்குத் தாராளமாக நடக்கும்.

ரோஸ் டீச்சர் | நவம்பர் 18, காலை 7.00

புதுத்துணி, பரிசுத்தாள் பற்றி ஒரு வரி. பளபளவென்று ஜிகினா ஒட்டிய தாளை மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள், அந்த மினுக்கு எல்லாமே பிளாஸ்டிக் படலம். பிள்ளைகளின் பரிசுகளைப் பழைய காலண்டர் தாளில் சுற்றிச் சணல் கட்டுங்கள். துணி வாங்க வேண்டாம் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு தடவை புதுச்சட்டை போடுகிற பிள்ளைகள் நம் சபைகளில் நிறைய பேர்.

தேரிக்காடு | டிசம்பர் 29, காலை 10.20

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நட்சத்திரம்: வாலிபர் சங்கத்தில் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்து 46 செய்தோம். தாள் 31, துணி 15. 19-ம் தேதி ராத்திரி மழையில் தாள் நட்சத்திரம் ஒன்பது போய்விட்டது. துணி ஒன்றும் போகவில்லை. பல்பெல்லாம் 9 வாட். பதினொரு மணிக்கு அணைக்கச் சொன்னதைப் பாதிப்பேர்தான் கேட்டார்கள்.

மரம்: சவுக்கு நுனி. கோவிலுக்குள் வைத்த இரண்டாம் நாளே ஊசி உதிர ஆரம்பித்தது. அடுத்த தடவை 23-ம் தேதிதான் வெட்டிக் கொண்டுவர வேண்டும், ஈர மணலில் ஊன்ற வேண்டும். பெரியவர்கள் பார்த்ததும் பழைய கதையெல்லாம் சொன்னார்கள். ஒரு தாத்தா சவுக்குக் கிளையைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

குடில்: டீச்சர் சொன்னது அத்தனையும் பலித்தது. 34 தட்டுக் கேழ்வரகு. மேய்ப்பன் வேஷம் போட்ட அந்தச் சிறுமிதான் தட்டுகளுக்குப் பொறுப்பு. தினமும் காலையில் பள்ளிக்குப் போகும் முன் வந்து தண்ணீர் தெளித்தாள். முடிந்ததும் புல் முழுக்கப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் போனது. அது தின்பதைப் பார்க்கப் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள்.

டம்ளர்: 410 சேர்ந்தது, மூன்று காணவில்லை. கழுவும் முறை ஆண்களுக்கு. சபைப் போதகர் ஐயரே சட்டைக்கையை மடித்துக்கொண்டு வந்து நின்றதால் யாரும் நழுவவில்லை. ஓலைக்கொட்டான் 60 மட்டும்தான் வாங்க முடிந்தது.

வெடி: இதில் தோற்றோம். கமிட்டியில் பேசினோம், தெருவில் நிற்கவில்லை. குளத்துக்கரை அண்ணன் சொன்ன ஒரே இடம், ஒரே நேரம் யோசனையை அடுத்த வருடம் ஆறு மாதம் முன்பே பேச வேண்டும்.

நேற்று ஜோடனையைப் பிரித்தோம். ஒன்பது சாக்கு இருந்த இடத்தில் ஒன்றேகால் சாக்கு. பெரும்பாலும் வெடிக்காகிதம், வீடுகளிலிருந்து வந்த பாட்டில். எதையும் கொளுத்தவில்லை. தரம் பிரித்துத் தூய்மைக் காவலர் அக்காவிடம் கொடுத்தோம். ஓடைக்கரையில் போன வருடத்துக் கருப்புத் தடம் இன்னும் இருக்கிறது.

சீசன் கடை அண்ணாச்சி, உங்களுக்கு ஒரு செய்தி. 30,000 ரூபாயில் 11,400 மிச்சம். அடுத்த கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு ஒன்று வீதம் 180 மடக்குத் துணி நட்சத்திரம் வேண்டும். அதில் பாதியை உங்களிடம் எடுப்பதென்று கூட்டத்தில் தீர்மானம் போட்டிருக்கிறோம். பாதியைப் பிள்ளைகளே செய்வார்கள். முன்பணம் இப்போதே தருகிறோம். ஒன்றுக்கு என்ன விலை ஆகும்?

சீசன் கடை | டிசம்பர் 29, இரவு 9.50

தம்பி, கடையைக் கட்டிவிட்டு இப்போதுதான் பார்த்தேன். வீட்டில் வாசித்துக் காட்டினேன். என் வீட்டுக்காரிக்குத் தையல் தெரியும், மிஷினும் இருக்கிறது. மூங்கில் விலை கேட்டுவிட்டுப் பொங்கல் கழித்துச் சொல்கிறேன். குமரிப் பனை அண்ணன் அந்த முட்டுக்குச்சி செருகுவதை ஒரு படம் வரைந்து போட்டால் உதவியாக இருக்கும். 90 என்றால் ஜூன் மாதத்திலேயே ஆரம்பித்துவிடலாம்.

குமரிப் பனை | டிசம்பர் 29, இரவு 10.15

படம் வேண்டாம் அண்ணாச்சி. ஜனவரி இரண்டாம் வாரம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வருகிறேன். சிம்பும் துணியும் எடுத்து வைத்திருங்கள், உட்கார்ந்து ஒன்று செய்து காட்டிவிட்டே போகிறேன்.